டெக்ஸ்டர் என்றொரு சாயக்காரி

பக்கத்து வீட்டில் ஒரு தொட்டிலுக்கு மேலே, என் கையெழுத்தில் ஒரு தமிழ்ச் சொல் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது: 'வலவன்'. போன ஆண்டு அந்த வீட்டில் பிறந்த பையனுக்கு டெக்ஸ்டர் என்று பெயர் வைத்தார்கள். இங்கிலாந்தின் லீட்ஸில் நாங்கள் இருக்கும் தெருவில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியவை. சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை அழுதால் இந்தப் பக்கம் எனக்கு விழிப்பு வந்துவிடும். அந்த நெருக்கத்தில் வளர்ந்த பழக்கம் எங்களுடையது. குழந்தையின் அம்மா பெண்கள் சலூன் ஒன்றில் தலைமுடிக்குக் கலர் போடுகிற வேலை செய்கிறாள். கையுறை போட்டாலும் சனிக்கிழமை சாயங்காலம் வீடு திரும்பும்போது நகக்கண்ணில் ஊதாவோ செம்பட்டையோ ஒட்டிக்கொண்டிருக்கும். நான் நூலகத்தில் வேலை பார்க்கிறேன், சொற்களின் பூர்வீகம் என்றால் எனக்கு உயிர் என்று அவளுக்குத் தெரியும். "டெக்ஸ்டர்னா லத்தீன்ல வலதுன்னு பேர்ப் புத்தகத்துல போட்டிருக்கு. விருந்துல நீங்க அதைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசணும்" என்று கேட்டாள்.

சந்தோஷமாக ஒத்துக்கொண்டேன். ஏனென்றால் அந்தப் பொருளைக் கேட்டதும் எனக்குள் வரிசையாகக் கதவுகள் திறந்தன. லத்தீனில் டெக்ஸ்டெர் என்றால் வலப்பக்கம். சமஸ்கிருதத்தின் தட்சிணம் அதன் உடன்பிறப்பு. கிழக்கு நோக்கி நின்றால் வலக்கைப் பக்கம் தெற்கு, அதனால் வலதுக்கும் தெற்குக்கும் ஒரே சொல். தமிழிலோ வலம் என்றால் வலப்பக்கம் மட்டும் இல்லை, வலிமையும் வெற்றியும் கூட. வலவன் என்றால் வல்லவன், தேரைச் செலுத்துபவன். கையும் திறமையும் ஒரே சொல்லுக்குள் குடியிருப்பதை விருந்துக்கு வந்தவர்களுக்கு எடுத்துச் சொன்னேன். குழந்தையின் தாத்தா கண் கலங்கினார். வலவன் என்று தடிமனான அட்டையில் எழுதிக் கொடுத்தேன், அவர்கள் சட்டம் போட்டுக்கொண்டார்கள்.

அந்த வாரக் கடைசியில் அப்பாவிடம் போனில் இதைச் சொன்னேன். அப்பாவுக்கு 83 வயது. டெக்ஸ்டர் என்ற பெயர் அவருக்குப் பழக்கமானது. 1961-62இல் இங்கிலாந்து அணியோடு இந்தியாவுக்கு வந்த கேப்டன் டெட் டெக்ஸ்டர். 1962 ஜனவரியில் மெட்ராஸ் டெஸ்டில் ஜெயித்து இந்தியா அந்தத் தொடரை 2-0 என்று முடித்தது, இங்கிலாந்தை ஒரு தொடரில் வென்றது அதுவே முதல் முறை. அந்த ஆட்டத்தை வானொலியில் கேட்டதை அப்பா ஒருமுறை முழுவதுமாகச் சொல்லி முடித்தார். அப்புறம் கேட்டார்: "அதெல்லாம் சரி, டெக்ஸ்டர்ங்கிறது குடும்பப் பேராச்சேம்மா. பிள்ளைக்கு எப்படி அதை வெச்சாங்க?"

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. குடும்பப் பெயர் என்றால் அது லத்தீனிலிருந்து நேரே வந்திருக்காது. ஆங்கிலேயக் குடும்பப் பெயர்கள் ஊரிலிருந்து வரும், அப்பன் பெயரிலிருந்து வரும், பட்டப்பெயரிலிருந்து வரும், தொழிலிலிருந்து வரும். 'வலக்கை' என்று ஒரு நாட்டுப்புறக் குடும்பம் லத்தீனில் பெயர் வைத்துக்கொண்டிருக்குமா?

எக்ஸ் எழுத்துக்குள் மறைந்த தையல்

திங்கட்கிழமை மதிய இடைவேளையில் குடும்பப் பெயர்களின் அகராதியை எடுத்துப் பார்த்தேன். இரண்டே வரி. டெக்ஸ்டர் பழைய ஆங்கிலத்தின் 'டேயாகெஸ்ட்ரெ'யிலிருந்து வந்தது. 'டேயாக்' என்றால் சாயம், இன்றைய 'டை'யின் மூலச் சொல். 'எஸ்ட்ரெ' என்பது விகுதி, அந்த வேலையைச் செய்யும் பெண்ணைக் குறிப்பது. ஆக, டெக்ஸ்டர் என்றால் சாயக்காரி.

நம் மொழியில் இதைப் புரியவைக்க அதிகம் பாடுபட வேண்டாம். பூக்காரர், பூக்காரி. தயிர்க்காரர், தயிர்க்காரி. பழைய ஆங்கிலத்திலும் அப்படி ஜோடி ஜோடியாக இருந்தன. ரொட்டி சுடும் ஆண் பேகெரெ, பெண் பேகெஸ்ட்ரெ. முன்னதிலிருந்து பேக்கர், பின்னதிலிருந்து பேக்ஸ்டர். நெசவுக்காரி வெப்பெஸ்ட்ரெ, அவளிடமிருந்து வெப்ஸ்டர். பீர் காய்ச்சியவள் ப்ரூஸ்டர். சாயம் போடுகிறவர் டேயாகெரெ, அது டயர் என்ற குடும்பப் பெயராக இன்றும் இருக்கிறது. அவருடைய ஜோடிதான் டெக்ஸ்டர். வெப்ஸ்டரிலும் ப்ரூஸ்டரிலும் தையல் வெளியே தெரிகிறது, எந்த வேலை, எந்த விகுதி என்று பிரித்துப் படிக்கலாம். பேக்ஸ்டரிலும் டெக்ஸ்டரிலும் எக்ஸ் என்ற ஒற்றை எழுத்து வந்து தையலை மூடிவிட்டது. பேக்ஸ்டரிலாவது ரொட்டியின் வாசனை கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. டெக்ஸ்டரிலோ அது கச்சிதமாக ஒரு லத்தீன் சொல்லின் எழுத்துக்கூட்டலிலேயே போய் அமர்ந்துகொண்டது. சாயக்காரி இருந்த சுவடே இல்லை. பெயர்ப் புத்தகம் போட்டவர்களும் ஏமாந்தார்கள், நானும் ஏமாந்தேன்.

இந்த விகுதியின் வாழ்க்கையைத் தொடர்ந்து படிக்கப் படிக்க மனசு கனத்தது. ஆங்கிலத்தில் அது பெண்ணைக் குறிக்கிறது என்பதையே மக்கள் மறந்துபோனார்கள். தையல்காரி 'சீம்ஸ்டர்' ஆக இருந்தாள். அதில் பெண் இருப்பது யார் காதிலும் விழாமல் போனதும் பிரெஞ்சிலிருந்து வந்த இன்னொரு பெண் விகுதியை மேலே ஒட்டி 'சீம்ஸ்ட்ரெஸ்' ஆக்கினார்கள். ஒரே சொல்லில் இரண்டு முறை பெண். பிற்காலத்தில் இதே விகுதி எங்கெங்கோ போய் ஒட்டியது. நம் சினிமா விளம்பரங்களில் தினமும் பார்க்கும் 'கேங்ஸ்டர்' வரை. துப்பாக்கியோடு நிற்கும் அந்த ஆளின் வாலில் இருப்பது ரொட்டிக்காரியின் விகுதிதான். டச்சு மொழியில் அது இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. அங்கே எழுத்தாளர் ஆண் என்றால் 'ஸ்க்ரைவர்'. பெண் என்றால் 'ஸ்க்ரைஃப்ஸ்டர்'.

ஆங்கிலத்தில் பெண்ணை விட்டுப் போகாத ஒரே பழைய சொல் 'ஸ்பின்ஸ்டர்'. நூல் நூற்பவள். அதற்கு நடந்தது இன்னும் மோசம். 17ஆம் நூற்றாண்டில் அது கல்யாணமாகாத பெண்ணுக்கான சட்டச் சொல்லாக நிலைத்து, அப்புறம் வசைச் சொல்லாகவும் ஆனது. இங்கிலாந்தின் திருமணப் பதிவேடுகளில் 2005 வரை அந்தச் சொல்தான் இருந்தது. தொழிலைச் சொன்ன சொற்களில் மற்றதெல்லாம் ஆண்களிடம் போய்ச் சேர்ந்தன. ஒன்றே ஒன்று பெண்ணிடம் தங்கியது, அதிலிருந்து தொழிலை எடுத்துவிட்டார்கள். இதைப் படித்த அன்று மதியச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

வேலைக்குப் பெயர் கிடைத்த வழி

ஜெர்மானிய மக்கள் தங்கள் பிள்ளைகளுக்கு வைத்த பழைய பெயர்களைப் பார்த்தால் அவற்றில் உழைப்புக்கு இடமே இல்லை. இரண்டு சொற்களைச் சேர்த்துக் கட்டிய பெயர்கள் அவை. எட்வர்ட் என்றால் செல்வமும் காவலும். எட்கர், செல்வமும் ஈட்டியும். ஆல்ஃபிரட், வனதேவதையும் ஆலோசனையும். பெண்ணுக்கு எடித் என்று வைத்தால் அதிலும் செல்வமும் போரும். யாரும் குழந்தைக்குக் கொல்லன், தச்சன், சாயக்காரி என்று பெயர் வைக்கவில்லை. அதனால்தான் ஜெர்மானிய வேர் கொண்ட தொழிற்பெயர் ஒன்று முதற்பெயராக வந்து நிற்பது அபூர்வம். அதற்கு ஒரு சுற்றுவழி வேண்டியிருந்தது.

1066இல் நார்மன்கள் வந்தார்கள். இரண்டு நூற்றாண்டுக்குள் பழைய பெயர்களில் பெரும்பாலானவை ஒழிந்து, திரும்பிய பக்கமெல்லாம் வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட், ஜான் என்றாகிவிட்டது. ஒரே ஊரில் பத்து ஜான் இருந்தால் வரி எழுதுகிறவன் என்ன செய்வான்? பக்கத்தில் தொழிலை எழுதினான். அது பிள்ளைக்கும் பேரனுக்கும் ஒட்டிக் குடும்பப் பெயரானது. இன்னும் சில நூற்றாண்டு கழித்து அம்மா வழிக் குடும்பத்தின் பெயரோ மதிப்புக்குரிய யாரோ ஒருவரின் பெயரோ விட்டுப்போகக் கூடாது என்று குடும்பப் பெயரைப் பிள்ளையின் முதற்பெயராக வைக்கும் வழக்கம் வந்தது. அமெரிக்காவில் அது நன்றாகவே வேர் பிடித்தது. 1923இல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்த சாக்ஸஃபோன் கலைஞர் டெக்ஸ்டர் கார்டன் ஓர் உதாரணம். இப்போது கூப்பரும் ஹண்டரும் குழந்தைகளாக ஓடுகிறார்கள், பீப்பாய் செய்தவனும் வேட்டையாடியவனும். ஆனால் வெப்ஸ்டர், ப்ரூஸ்டர் என்று ஒரு குழந்தையைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பேக்ஸ்டர் என்று நாய்களைக் கேட்டிருக்கிறேன். பெண் விகுதி கொண்ட தொழிற்பெயர்களில் டெக்ஸ்டர்தான் ஓரளவு ஓடுகிறது. அது தன்னை லத்தீன் என்று காட்டிக்கொள்ள முடிந்ததால்தான் என்று நினைக்கிறேன்.

ஆண்களின் வேலைப்பெயர்கள் சில எவ்வளவு உயரம் போயின என்பதையும் பார்க்க வேண்டும். மார்ஷல் என்றால் ஆதியில் குதிரை பார்த்துக்கொள்ளும் வேலைக்காரன். ஃபீல்டு மார்ஷல் வரை போய்விட்டான். வீட்டைக் காவல் காத்த ஸ்டீவர்ட், ஸ்காட்லாந்தின் அரச வம்சத்துக்கே பெயரானான். சாயத் தொட்டிக்கு அப்படி ஒரு பதவி உயர்வு கிடைக்கவில்லை.

வடக்கே, நாங்கள் இருக்கும் யார்க்ஷயர் பக்கம், டெக்ஸ்டருக்கு ஓர் அக்கா உண்டு. வைக்கிங்குகளின் மொழியில் 'லிட்' என்றால் நிறம். அதோடு இந்த விகுதி சேர்ந்து லிட்ஸ்டர், பிறகு லிஸ்டர். 1381இல் குடியானவர்கள் தலைவரிக்கு எதிராக எழுந்தபோது நார்ஃபக்கில் தலைமை தாங்கித் தூக்கில் தொங்கிய ஜெஃப்ரி லிட்ஸ்டர், நிஜமாகவே சாயம் போடுகிறவர். காயங்களில் சீழ் பிடிக்காமல் கார்பாலிக் அமிலத்தால் காத்த டாக்டர் ஜோசஃப் லிஸ்டரின் பெயரும் இதே சொல்தான். எனக்கு இன்னும் பக்கத்து உதாரணம் பிராட்ஃபோர்டில் இருக்கிறது. பேருந்தில் போகும்போதெல்லாம் தெரியும் லிஸ்டர் ஆலையின் புகைபோக்கி. பட்டும் வெல்வெட்டும் நெய்த அந்த ஆலையில் 1890 டிசம்பரில் கூலியைக் குறைத்தார்கள். மறு ஆண்டு ஏப்ரல் வரை வேலைநிறுத்தம் நடந்தது. நின்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தோற்றுத்தான் திரும்பினார்கள். முதலாளியின் பெயருக்குள் ஒரு சாயக்காரி இருந்தது அவர்களில் யாருக்காவது தெரிந்திருக்குமா என்று அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் யோசிப்பேன்.

நீலம் பிறக்கும் இடம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை யார்க் நகரத்துக்குப் போனேன். காப்பர்கேட் என்று ஒரு தெரு. செம்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, மரக்கிண்ணம் கடைகிறவர்களின் தெரு என்று பொருள். அங்கே 1976 முதல் 1981 வரை தோண்டியபோது வைக்கிங் காலத்து வீடுகளும் பட்டறைகளும் வெளியே வந்தன. ஈரமண் என்பதால் செடிகொடிகூட மக்காமல் கிடைத்தது. அதில் சாயச் செடிகளின் எச்சம் இருந்தது. சிவப்புக்கு மேடர், அது நம் மஞ்சிட்டியின் சொந்தம். நீலத்துக்கு வோட். கூடவே கிளப்மாஸ் என்ற ஒரு பாசி போன்ற செடி. அந்த வகை இங்கிலாந்தில் விளைவதில்லை, ஸ்காண்டிநேவியாவிலிருந்து கப்பலில் வந்திருக்கிறது. அது மண்ணிலிருந்து அலுமினியத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், ஆகவே துணியில் சாயம் பிடிக்க உதவும். நம்மூரில் படிகாரம் செய்கிற வேலை. யாரோ ஒருத்திக்கு இது தெரிந்திருந்தது. கடல் தாண்டி ஒரு செடியை வரவழைக்கும் அளவுக்குத் தெரிந்திருந்தது.

வோட் இலை தருவதும் நம் அவுரி தருவதும் ஒரே நீலம். இலையை அரைத்து உருண்டை பிடித்துக் காயவைத்து, மறுபடி நனைத்து ஊறப் போட்டுப் புளிக்கவைப்பார்கள். தொட்டியில் காரத்துக்காகப் பழைய சிறுநீரும் சேரும். நாற்றம் தாங்க முடியாது. 1585இல் எலிசபெத் ராணி தன் அரண்மனைகளுக்குப் பக்கத்தில் வோட் பயிரிடக் கூடாது என்று ஆணையே போட்டார். ஆனால் தொட்டியிலிருந்து துணியைத் தூக்கும் கணம் இருக்கிறதே, அதற்கு ஈடில்லை. வெளியே வரும்போது துணி நீலமாக இருக்காது, பசுமஞ்சளாக இருக்கும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரே பச்சையாகி, மெல்ல நீலமாகும். திண்டிவனம் பக்கம் அவுரி காய்ச்சுகிற ஒரு பட்டறையில் சின்ன வயதில் அதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கத்து அவுரிதான், ஐரோப்பியர்கள் இந்தியாவுக்குக் கடல்வழி கண்ட பிறகு, கப்பல் கப்பலாகப் போய் வோட்டின் பிழைப்பைக் கெடுத்தது. ஜெர்மனியில் அவுரி நீலத்தைப் பிசாசின் சாயம் என்று திட்டித் தடை போட்டுப் பார்த்தார்கள், நிற்கவில்லை. அப்படிப் பார்த்தால் டெக்ஸ்டரின் தொட்டியைக் காலி செய்ததில் எங்கள் மண்ணுக்கும் ஒரு பங்கு உண்டு.

பார்வோனின் ரொட்டிக்காரன்

இவ்வளவும் சேர்த்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று இருந்தேன். உன் பையனின் பெயர் ஒரு பெண்ணின் பெயர், ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய உழைப்பாளிப் பெண்ணின் பெயர் என்று. அதற்கு முந்தின இரவு, பழைய ஆங்கில அகராதியில் பேகெஸ்ட்ரெ என்ற சொல்லுக்குக் கொடுத்திருந்த மேற்கோள் கண்ணில் பட்டது. சுமார் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய, பைபிளின் ஆதியாகம மொழிபெயர்ப்பில் இருந்து ஒரு வரி. யோசேப்போடு சிறையில் கிடந்த இரண்டு பேர் நினைவிருக்கும். எகிப்து ராஜா பார்வோனின் பானபாத்திரக்காரன், ரொட்டிக்காரன். அந்த ரொட்டிக்காரனை மொழிபெயர்ப்பு பேகெஸ்ட்ரெ என்கிறது. ரொட்டிக்காரி என்ற சொல், ஓர் ஆணுக்கு. விகுதியின் பொருள் பிற்காலத்தில்தான் மறந்துபோனது என்று நான் நினைத்திருந்தேன். இதுவோ நார்மன்கள் வருவதற்கும் முன்னால்.

அடிவயிறு கலங்கியது. ஒரு தப்பான கதையை விட்டு இன்னொரு தப்பான கதையைப் பிடித்துக்கொண்டேனா? முதலில் ஒரு சமாதானம் தேடினேன். அதே வரியில் அந்த இரண்டு பேரும் அரண்மனை அலிகள் என்று வருகிறது, அதனால் பெண் விகுதி போட்டிருப்பார்களோ? பிடித்துத் தொங்க ஆசையான விளக்கம்தான். ஆனால் பானபாத்திரக்காரனும் அதே நிலையில் இருந்தவன், அவனுக்குச் சாதாரண ஆண் சொல்தான் இருக்கிறது. விளக்கம் நிற்கவில்லை. இது போதாதென்று, வட இங்கிலாந்தில் வெப்ஸ்டர், லிட்ஸ்டர் எல்லாம் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாகவே வழங்கின என்பதையும் படித்தேன். ஜெஃப்ரி லிட்ஸ்டரே அதற்குச் சாட்சி, அந்த ஆள் கண்முன்னே நிற்கும்போது மறுக்க முடியாது.

இரண்டு மூன்று வாரம் இதே நினைப்பாக இருந்தது. ஒரு நாள் ஆல்ஃபிரட் மன்னரின் உயிலைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். 9ஆம் நூற்றாண்டு. அதில் அவர் தன் சொத்துக்கு ஆண் வாரிசுகளை 'ஈட்டிப் பக்கம்' என்றும் பெண் வாரிசுகளை 'கதிர்ப் பக்கம்' என்றும் எழுதுகிறார். நூல் சுற்றும் கதிர். நாட்டின் ராஜாவே பெண் வழியைச் சுட்ட நூல் நூற்கும் கருவியைத்தான் எடுத்தார் என்றால், துணி வேலை யாருடைய வேலையாக இருந்தது என்பதில் சந்தேகமில்லை. 1363இல் மூன்றாம் எட்வர்ட் காலத்துச் சட்டம், ஒரு கைவினைஞன் ஒரு தொழில்தான் செய்யலாம் என்று கட்டுப்படுத்திவிட்டு, பெண்களுக்கு மட்டும் விலக்குக் கொடுக்கிறது. ரொட்டி சுடுகிறவர்கள், நூற்பவர்கள், கம்பளியிலும் பட்டிலும் வேலை செய்கிறவர்கள் எப்போதும் போலச் செய்யலாம் என்கிறது. ஒருத்தியே காலையில் மாவு பிசைந்து மதியம் நூல் நூற்றுக்கொண்டிருந்தாள் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்ட மாதிரி.

என் மனசில் இப்போது இருப்பது இதுதான். ரொட்டி சுடுவதற்குக் கையில் கிடைத்த சொல் ரொட்டிக்காரி என்பதாக இருந்ததால்தான் பார்வோனின் ஆளுக்கும் அதைப் போட்டார்கள். ஆண்கள் தொட்டிக்கு வந்தபோது தொட்டியோடு சொல்லையும் எடுத்துக்கொண்டார்கள். யார்க்கிலோ லெஸ்டரிலோ முதன்முதலில் டெக்ஸ்டர் என்று எழுதப்பட்ட அந்த ஆள் மீசை வைத்தவராகவே இருந்திருக்கலாம். அவர் பெயர் அவருக்கு முன்னால் தொட்டியடியில் நின்ற பெண்களுடையது. இதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

போன சனிக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். அவள் அப்போதுதான் சலூனிலிருந்து வந்திருந்தாள். குழந்தை அவள் இடுப்பில். விருந்தில் நான் சொன்னது தப்பு என்று ஆரம்பித்து, சாயம், விகுதி, எக்ஸ் எழுத்து, பார்வோன், லிஸ்டர் எல்லாவற்றையும் சொன்னேன். கெட்டிலில் கொதித்த தண்ணீர் ஆறிப்போயிற்று. குறுக்கே அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: துணி வெளியே வரும்போது பச்சையாக இருந்து அப்புறம் நீலமாகும் என்றீர்களே, எவ்வளவு நேரத்தில்? சில நிமிஷத்தில் என்றேன். தலைமுடிக் கலரும் முதலில் வேறு நிறம்தான், காற்றுப் படப் பட மாறும் என்றாள். பிறகு தன் வலது கையை விரித்து விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில் அன்றைய நீலம் இருந்தது.

குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்ச் சட்டத்தைக் கழற்றிக்கொண்டு வந்தாள். அட்டையை வெளியே எடுத்தாள். வலவன் என்ற பக்கத்தைக் கீழே போட்டுத் திருப்பி, எழுதாத பக்கத்தை என் முன்னால் வைத்தாள். "அந்த இன்னொரு வார்த்தை தமிழ்ல எப்படி? எழுதுங்க" என்று பேனாவை எடுத்துவரப் போனாள்.